எண்பது மைல் பறந்த மாப்பிள்ளைகள்

மைசூருக்கும் பெங்களூருக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் எல்லோரும் எண்பத்தாறு மைல் என்பார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. எதில் போகப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். மாட்டு வண்டி என்றால் நாலு பகல். ரயில் என்றால் அரைப் பகல். ஆகாயத்தில் என்றால் ஐம்பது நிமிஷம். மூன்றிலும் போனவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தக் காலத்தில் மைசூரில் மூன்றிலும் போன வண்டிக்காரன் நான் ஒருத்தன்தான். வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறேன்.

படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. ஹனூர்ப் பக்கம் மேட்டுக்காட்டில் பிறந்தவன். எங்கள் தாலுகா அப்போது கோயமுத்தூர் ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. பதினாறு வயதில் பிறத்தியார் வண்டியை ஓட்டிக்கொண்டு மகாராஜா சீமைக்கு வந்தேன். முப்பதில் சொந்தமாக ஒரு வண்டி, நாற்பதில் பதினொரு வண்டி. யார் கையையும் பிடித்துக்கொண்டு ஏறவில்லை. நஞ்சன்கூடு சாலையில் ஆகாய விமானம் இறங்க மைதானம் போட்டார்களே, அந்த மண்ணை அடித்துக் கொட்டியதில் என் பதினொரு வண்டிக்கும் பங்கு உண்டு. என்ஜினியர் குழாய் வைத்துப் பார்த்துச் சொன்ன மட்டத்தை நான் வண்டிச் சக்கரம் போடும் சத்தத்தைக் கேட்டே சொன்னேன். இரண்டும் ஒன்றாக இருந்தது. அவரே தலையை ஆட்டினார்.

வண்டிக்காரனுக்கு மைல்கல் தேவையில்லை. எங்களுக்கு வெற்றிலைதான் அளவு. ஒரு தாம்பூலம் போட்டு, மென்று, துப்பி, வாய் கொப்பளித்து முடிக்கிற நேரத்தில் நல்ல ஜோடி மாடு முக்கால் மைல் போகும். மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் பன்னிரண்டு வெற்றிலை. பெங்களூர் வரைக்கும் நூற்றுப் பதினைந்து. அந்தச் சாலையில் எந்த மரத்தடியில் நிழல் எந்தப் பக்கம் விழும், எந்தக் கிணற்றில் தண்ணீர் உப்பு, எந்த மேட்டில் இடது மாடு முரண்டு பிடிக்கும் என்று எனக்கு மனப்பாடம். மத்தூருக்கு முன்னால் ஒரு வளைவு உண்டு. அங்கேதான் என் முதல் ஜோடியில் வெள்ளைக் காளை நுகத்தோடு மடங்கி விழுந்தது. ஒரு பகல், ஒரு ராத்திரி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு எத்தனை தடவை அந்த வழி போனாலும் அந்த வளைவில் வண்டியை விட்டு இறங்கி நடந்துதான் போவேன்.

இனி பூச்சி விஷயம். வண்டி ஓட்டிச் சேர்த்ததைக் கொண்டு மைசூரில் பட்டுப்பூச்சி முட்டைக் கொட்டகை வைத்தேன். என் அக்காவுக்குப் பெங்களூருக்குச் சற்று முன்னால் கெங்கேரியில் வாழ்க்கைப்பட்ட வீடு. மாமா காலமான பிறகு அவளும் அங்கே ஒரு கொட்டகை நடத்தினாள். வேலை இதுதான்: மைசூர் ஜாதிப் பெட்டைப் பூச்சியையும், வெள்ளைக் கூடு கட்டும் வெளிநாட்டு ஜாதி ஆண் பூச்சியையும் ஜோடி சேர்த்து முட்டை எடுக்கவேண்டும். அந்த முட்டையை வாங்கித்தான் குடியானவர்கள் புழு வளர்ப்பார்கள். பூச்சி விடியும்போது கூட்டை ஓட்டை போட்டு வெளியே வரும். அன்றைக்கு உச்சிக்குள் ஜோடி சேர்ந்தாகவேண்டும். தவறினால் பெட்டை காத்திருக்காது, சாயங்காலமே வெறும் முட்டையாக விட ஆரம்பித்துவிடும். அதில் ஒன்றுகூடப் பொரியாது. ஜோடி சேர்ப்பதைக் கொட்டகையில் கல்யாணம் என்போம். ஆணுக்கு மாப்பிள்ளை என்றே பேர்.

முந்தின போகத்தில் அக்கா கொடுத்த முட்டை சரியாகப் பொரியவில்லை. புழுவுக்குத் தழை வெட்டி வைத்துக் காத்திருந்தவர்கள் அவள் வாசலில் நின்று பேசாத பேச்சில்லை. இன்னொரு தடவை அப்படி ஆனால் அனுமதிச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று மேலேயிருந்து காகிதமும் வந்துவிட்டது. கொட்டகை போனால் அவளுக்கு வேறு பிடிமானம் கிடையாது.

இந்த நிலையில், மாசி மாதம் ஒரு மத்தியானம் எனக்குத் தந்தி வந்தது. அது யுத்த காலம். தந்தி என்றாலே தெருவில் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். கொண்டுவந்த சேவகனே படித்துச் சொன்னான்: “நாளைக் காலை கல்யாணம். மாப்பிள்ளை யாரும் இல்லை. அனுப்பு.” படித்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு, பையன் ஓடிப்போய்விட்டானா என்று கேட்டான். ஓடவில்லை, எல்லாரையும் கொளுத்திவிட்டார்கள் என்றேன். அவன் கையெழுத்துக்கூட வாங்காமல் சைக்கிளில் ஏறிவிட்டான்.

மாப்பிள்ளை யாரும் இல்லை என்றால் கொட்டகைக்காரனுக்கு அர்த்தம் அது ஒன்றுதான். அக்காவின் ஆண் கூடுகளில் நோய் கண்டிருக்கிறது. நோய் கண்டால் மொத்தத்தையும் தீயில் போடவேண்டும், அதுதான் முறை. பெட்டைக் கூடுகள் மட்டும் நல்லபடியாக இருந்தன. மறுநாள் விடிந்தால் அவை வெளியே வந்துவிடும். என் கொட்டகையிலும் அதே நாளுக்கு ஆண்கள் தயார்.

காலைப் பாசஞ்சரில் அனுப்பலாம். ஆனால் ரயிலில் ஆண் பூச்சியை அனுப்பிப் பார்த்தவன் நான். ஜன்னல் வெளிச்சமும் பெட்டியின் ஆட்டமும் சேர்ந்து அதை ஒரு நிமிஷம் சும்மா இருக்கவிடாது. கூடைக்குள்ளேயே இறக்கையை அடித்து அடித்து, இறங்கும்போது பாதி செத்திருக்கும், மீதி கிழிந்த துணியாக இருக்கும். அப்போதுதான் எனக்கு ஆகாயம் ஞாபகம் வந்தது. மைதானத்திலிருந்து பெங்களூர் மைதானத்துக்குக் காலையில் ஒரு சின்ன விமானம் தபால் பையோடு போவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மணிகூட ஆகாது என்று சொல்லிக்கொண்டார்கள்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் மைதானத்து அதிகாரி முன்னால் நின்றேன். எங்கள் பக்கம் பெரியவர்களைப் புத்தி என்று கூப்பிடுவது வழக்கம். “புத்தி, நாளைக்கு உங்க விமானத்துல எனக்கு ஒரு இடம் வேணும்” என்று கன்னடத்தில் கேட்டேன். பஸ்ஸில் இடம் கேட்கிறவன் மாதிரி கேட்கிறாயே மேஸ்திரி என்று சிரித்தார். முடியாது என்றார். அது ராணுவ விஷயம் என்றார். நான் விடவில்லை. போன ஐப்பசி மழையில் மைதானம் குளமாகி விமானம் சேற்றில் புதைந்தபோது யார் வண்டி வந்தது, யார் இடுப்புத் தண்ணீரில் நின்று கால்வாய் வெட்டியது என்று கேட்டேன். பாராசூட் எதில் தைக்கிறார்கள் புத்தி, பட்டுதானே, அந்தப் பட்டு எதிலிருந்து வருகிறது என்றும் கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, பூச்சி எவ்வளவு எடை என்றார். வெற்றிலைக் கட்டைவிடக் குறைவு என்றேன். மறுநாள் ஏழரைக்கு வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுகுழலைக் கீழே வைக்காமலே பேசினாள்.

“நீங்க ஆகாசத்துல போங்க. நான் பாதி மாப்பிள்ளைகளை எடுத்துட்டு ரயில்ல போறேன். உங்க அக்கா குடி உங்க பெருமையை நம்பி இருக்கக் கூடாது.”

எனக்குக் கோபம்தான். நீ கெங்கேரியில் இறங்கும்போது நான் அங்கே சாப்பிட்டு, கை கழுவி, ஒரு தூக்கமும் போட்டிருப்பேன் என்றேன். பார்க்கலாம் என்றாள்.

விடியக்காலம் பூச்சிகள் வெளியே வந்தன. ஒல்லியாகப் படபடவென்று திரிவது ஆண், பருத்து அசையாமல் இருப்பது பெட்டை. ஆண்களைப் பொறுக்கி இரண்டு மூங்கில் கூடையில் போட்டு, மெல்லிய துணி கட்டினோம். அவள் ஸ்டேஷனுக்கு, நான் மைதானத்துக்கு.

விமானத்துக்கு மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை. மரமும் துணியும்தான், தட்டிப் பார்த்தேன். கூரை இல்லை. முன்னால் ஒரு குழி, பின்னால் ஒரு குழி. என்னை முன்னால் உட்காரவைத்து வாரால் கட்டினார்கள். காலிடுக்கில் தபால் பை, மடியில் கூடை. ஓட்டுகிற வெள்ளைக்காரன் எனக்குப் பின்னால். வண்டிக்காரன் பின்னால் உட்கார்ந்து ஓட்டுகிற வாகனத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் கொட்டிய மண்ணின்மேல் அது ஓடியது. சக்கரத்தின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு பள்ளம் இல்லை. அந்தப் பெருமையில் இருந்தபோதே சத்தம் நின்றுபோயிற்று. என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தால் மைதானம் கீழே போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சாமுண்டி மலை என் தோள் உயரத்துக்கு வந்தது. கோயில் கோபுரம் சோளக்கதிர் மாதிரி நின்றது. அரண்மனையை ஒரு கையால் மூடிவிடலாம். இந்த ஊரில் பாதி வாழ்நாள் கிடந்திருக்கிறேன், இதன் சந்து பொந்தெல்லாம் தெரியும் என்று மார்தட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட ஊர் ஒரு முறத்தில் கொட்டி வைத்த தானியமாகக் கிடந்தது. ஏன் இத்தனை நாள் இது எனக்குத் தெரியாமல் போயிற்று என்று இருந்தது. எங்கள் மலைச் சாமியை நினைத்து மாதேஸ்வரா என்று வாய்விட்டுச் சொன்னேன். காற்று அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

தூரத்தை அளந்துவிடலாம் என்று ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டேன். காவேரி இரண்டாகப் பிரிந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றிக்கொண்டு போவது தெரிந்தது. பன்னிரண்டு வெற்றிலைத் தூரம், நான் பாக்கைக் கடித்து முடிக்கவில்லை. சாலை அங்கேயிருந்து வெள்ளை நூலாக நீண்டது. அதன்மேல் வரிசையாக எள்ளு எள்ளாக ஏதோ. கண்ணை இடுக்கிப் பார்த்தேன். வண்டிகள். அசையவே இல்லை. ஓட்டுகிறவன் மாட்டை அதட்டிக்கொண்டு, வாலை முறுக்கிக்கொண்டு இருப்பான். ஆனால் அசையவே இல்லை. இருபத்தைந்து வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேனா?

இதற்குள் வாயில் எச்சில் நிறைந்துவிட்டது. பழக்கதோஷம், பக்கவாட்டில் தலையைத் திருப்பித் துப்பினேன். வண்டியில் அப்படித்தான் துப்புவோம். அது கீழே போகவில்லை. திரும்பி வந்து என் தோளிலும் சட்டையிலும் அடித்தது, மீதி பின்னால் பறந்து வெள்ளைக்காரனுக்கு முன்னால் இருந்த கண்ணாடியில் போய் அப்பிக்கொண்டது. அவன் ஏதோ கத்தினான். எனக்குப் பாஷை தெரியாதது அன்றைக்கு நல்லதாகப் போயிற்று.

மண்டியா, கரும்புப் பச்சை, ஏரிகள். மத்தூர் வளைவு எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். காளைக்காக ஒரு கும்பிடு போடலாம் என்று கூடையிலிருந்து கையை எடுத்தேன். கையைச் சேர்ப்பதற்குள் வளைவு பின்னால் போய்விட்டது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் உட்கார்ந்திருந்த இடம். இறங்கி நடக்காமல் அதைத் தாண்டியது அந்த ஒரே தடவைதான்.

குளோஸ்பேட்டைப் பாறைகள், இப்போது ராமநகரம் என்கிறார்கள், கொட்டிப்போன வெல்லக்கட்டிகளாகக் கிடந்தன. அப்புறம் கெங்கேரி வந்தது. அக்காவின் கொட்டகையை அடையாளம் கண்டேன். புது ஓடு, வாசலில் வேப்பமரம், காயப்போட்ட தட்டுகள். என் உள்ளங்கை அளவு. இறக்கு இறக்கு என்று கை காட்டினேன். வெள்ளைக்காரன் நான் ஊரைப் பார்த்து மகிழ்கிறேன் என்று நினைத்துத் தானும் கையை ஆட்டினான். விமானம் கொட்டகைக்கு மேலேயே போய், அதைத் தாண்டி, பெங்களூரையும் தாண்டி, கிழக்கே எங்கேயோ ஒரு மைதானத்தில் போய் இறங்கியது.

என் அறிவுக்கு எட்டாமல் போனது இதுதான். விமான மைதானம் என்றால் ரயில் ஸ்டேஷன் மாதிரி ஊருக்குள் இருக்கும், வழியில் கையைக் காட்டினால் நிற்கும் என்று நினைத்திருந்தேன். அந்த மைதானம் எங்கே இருக்கிறது என்று ஒருத்தரைக்கூடக் கேட்கவில்லை. தூரமெல்லாம் அறிந்தவன் என்ற நினைப்பு. கெங்கேரி அங்கிருந்து வந்த வழியே பதினாறு மைல் திரும்பவேண்டும்.

அதைவிடப் பெரியது கூடைக்குள் இருந்தது. மேலே அடித்த குளிரில் என் விரல்கள் மரத்துப்போயிருந்தன. இறங்கி, துணியை விலக்கிப் பார்த்தேன். ஒரு பூச்சிகூட அசையவில்லை. கூடையைச் சாய்த்தால் ஒரு பக்கமாகச் சரிந்தன. ஊதினேன். உமி மாதிரி ஒதுங்கின.

மைதானத்து வாசலில் நின்ற ஜட்காவில் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று கேட்டால், அக்காவிடம் நேரில் போய்ச் சொல்லவேண்டியது என் கடமை. குதிரை வயசானது. ஓட்டியவர் என் சட்டையில் இருந்த சிவப்பைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கா என்றார். வெற்றிலை என்றேன். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்றார். மைசூரிலிருந்து என்றேன். எப்போது கிளம்பினீர்கள் என்றார். ஏழே முக்காலுக்கு என்றேன். நேற்றுக் காலையிலா என்றார். இன்றைக்குக் காலையில் என்றதும் அவர் மணி கேட்டார், எட்டு ஐம்பது என்றேன். அதற்குமேல் என்னிடம் பேச்சுக் கொடுக்காமல் குதிரையிடம் மட்டும் பேசிக்கொண்டு வந்தார்.

அந்த மூன்று மணி நேரம் என் ஆயுளில் நீளமானது. எண்பது மைலை ஐம்பது நிமிஷத்தில் தாண்டியவன் பதினாறு மைலுக்கு ஒவ்வொரு தெருமுனையாக நின்று நின்று போனேன். குதிரை தண்ணீர் குடித்தது. வெயில் ஏறியது. கூடைமேல் நேராக விழுந்தது. நிழலில் தள்ளி வைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. செத்ததற்கு நிழல் எதற்கு. முந்தின நாள் மனைவியிடம் பேசிய பேச்சு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது, துப்பின எச்சில் மாதிரி.

ஊர் முடிந்து மைசூர்ச் சாலை பிடித்த பிறகு ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த சருகின்மேல் தூறல் விழுகிற மாதிரி. வானத்தைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. சத்தம் மடியிலிருந்து வந்தது. துணியை விலக்கினேன். ஒன்று இறக்கையை நடுக்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு கூடையே படபடத்தது. துணியை மூடிவிட்டு, வண்டியை ஓட்டுகிறவரிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டுக் குதிரையைக் கொஞ்சம் தட்டி ஓட்டினார்.

கெங்கேரிக்கு வந்தபோது வேப்பமர நிழல் காலடிக்குள் சுருங்கியிருந்தது. கொட்டகை வாசலில் ஜட்கா நின்றதும், எதிர்ப்பக்கம் ஸ்டேஷன் பாதையிலிருந்து என் மனைவி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். ரயில் நேரத்துக்கு வந்துவிட்டதாம். என்னைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள்.

“தூங்கி எந்திரிச்சு இப்பதான் வெளிய வர்றீங்களா?”

நான் கூடையை நீட்டினேன். அக்கா இரண்டு கூடையையும் வாங்கித் தட்டில் கவிழ்த்தாள். ரயிலில் வந்ததில் பாதிக்குமேல் ஓய்ந்துவிட்டது. இறக்கை முனை தேய்ந்து, மாவு உதிர்ந்து கிடந்தன. ஆகாயத்தில் வந்தவை அப்போதுதான் கூட்டை விட்டு வெளியே வந்தவை மாதிரி இருந்தன. குளிரில் உறங்கியிருக்கின்றன. ஒரு தடவைகூட இறக்கையை வீணாக அடிக்கவில்லை. வேகமாக வந்ததால் பிழைத்தன என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ரயிலும் நானும் ஒரே நேரத்தில்தான் வந்து சேர்ந்தோம். அவற்றைக் காப்பாற்றியது மேலே இருந்த குளிர். எழுப்பியது அந்தக் கிழக் குதிரையின் மெத்தனத்தில் ஏறிய வெயில்.

அக்கா ஜோடி சேர்த்துக்கொண்டே போனாள். பெட்டைகள் காத்திருந்தன. கடைசித் தட்டு முடிந்ததும் வாசலுக்குப் போய் நிழலைப் பார்த்துவிட்டு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“மேல எப்படிடா இருந்துச்சு?”

பேச்சுக்கு அஞ்சாதவன் நான். அன்றைக்கு வந்தது இவ்வளவுதான். “உன் கொட்டகை உள்ளங்கை அளவு இருந்துச்சுக்கா” என்றேன்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுப்பூச்சிக்கு இறக்கை இருக்கிறது, ஆனால் ஒரு முழம் பறக்காது. மனிதன் எத்தனையோ தலைமுறையாகக் கூடைக்குள் வளர்த்ததில் அதற்குப் பறக்க மறந்துவிட்டது. “இதுங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா, பறந்தோம்னு?” என்றாள்.

பத்தாம் நாள் அக்காவிடமிருந்து ஆள் வந்தது. முட்டை பொரிந்துவிட்டது, தட்டு முழுக்கக் கறுப்பு எறும்பாக ஊர்கிறது, வாங்கிப்போக வாசலில் வண்டிகள் நிற்கின்றன, சீட்டைப் பற்றி இனி யாரும் பேசமாட்டார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நானும் மனைவியும் பார்க்கப் போனோம். ரயிலில்தான்.

அவள் ஜன்னல் ஓரம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆற்றைக் கடக்கும்போது, “இது மேலேயிருந்து எப்படி இருந்துச்சு?” என்றாள். சொன்னேன். மண்டியாவில் கேட்டாள், சொன்னேன். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் வெளியே பார்க்காமல் தலையைத் தூக்கி, ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மத்தூர் நெருங்கியதும் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி என் கையில் வைத்தாள்.

அதை மென்று முடிப்பதற்குள் ரயில் எவ்வளவு தூரம் போயிற்று என்று நான் அளக்கவில்லை.